எமீதியோ பெப்பே ஒயின் பண்ணை: விற்க அவசரப்படாத குடும்பம்

இத்தாலியின் அப்ருட்சோ மாநிலத்தில், தேராமோ மாவட்டத்தைச் சேர்ந்த தொரானோ நுவோவோ என்னும் சிற்றூரில், எமீதியோ பெப்பே 1964ஆம் ஆண்டு தம் பெயரில் ஒயினைப் பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கினார். அந்தக் காலத்தில் அப்ருட்சோ ஒயின் பெரும்பாலும் மொத்தச் சரக்காகவே மாநிலத்தை விட்டு வெளியேறியது. வேறு ஊர்களின் மெலிந்த ஒயின்களுக்கு நிறமும் செறிவும் ஏற்ற அதைக் கலந்தார்கள், அதன் பிறந்த ஊரை யாரும் கேட்கவில்லை. அத்தகைய மண்ணில் விளையும் மோன்தெபுல்சானோ திராட்சையிலிருந்து பல பத்தாண்டுகள் நிலைத்து நிற்கும் ஒயினை எடுக்க முடியும் என்று நம்பி, அந்த நம்பிக்கையின் மேல் தம் வீட்டின் பிழைப்பையே வைத்தவர் எமீதியோ. ஒவ்வோர் ஆண்டின் விளைச்சலிலும் ஒரு பெரும் பங்கை விற்காமல் நிலவறையில் கிடத்தி வைத்தார். வேதிப்பொருட்களைக் கூடியவரை சேர்க்காமல் செய்யும் ஒயினை இயற்கை ஒயின் என்று இன்று உலகெங்கும் பேசுகிற போக்குக்கு அப்படியொரு பெயரே இல்லாத நாட்களில் தொடங்கிய பழக்கம் இது.

இப்பண்ணையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் கண்கவர் பகுதிகளையே எடுத்துக்கொள்கிறார்கள். வெள்ளைத் திராட்சையைக் காலால் மிதிப்பார்கள், சிவப்புத் திராட்சையைக் கையால் உதிர்ப்பார்கள், மாட்டுக் கொம்பில் சாணம் புதைப்பார்கள் என்ற செய்திகள் படத்துடன் வரும்போது அழகாகத்தான் இருக்கின்றன. அவை அனைத்தும் உண்மை. அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனாலும் இவர்களுடைய ஒயின்களைப் பல ஆண்டுகளாகத் தேடி வாங்கி அருந்தி வருகிறவன் என்ற முறையில், இவற்றின் தரத்துக்கு முதன்மையான காரணமாக நான் கருதுவது, ஒயின் தயாராகும் வரை அதை விற்காமல் வைத்திருக்கும் பொறுமையைத்தான். மற்ற வேலைகள் எல்லாம் அந்தப் பொறுமையைத் தாங்கக்கூடிய ஒயினை உருவாக்குவதற்காகச் செய்யப்படுபவை என்று பார்த்தால் இப்பண்ணையின் நடைமுறை முழுவதும் பொருள்படத் தொடங்கும்.

பண்ணை இன்றும் குடும்பத்தின் கையிலேயே இருக்கிறது. எமீதியோவின் மகள்கள் சோஃபியாவும் தனியேலாவும் நிலவறையையும் நிர்வாகத்தையும் நீண்ட காலம் கவனித்து வந்தார்கள். 2020 முதல் பேத்தி கியாரா தே யூலிஸ் பெப்பே தோட்டத்தையும் ஒயின் தயாரிப்பையும் ஏற்று நடத்துகிறார். திராட்சை பயிராகும் பரப்பு ஏறக்குறைய 15 ஹெக்டேர். புகழ் வந்த பிறகு அயலாரிடம் திராட்சை வாங்கி உற்பத்தியைப் பெருக்கும் வழியில் போகாமல், ஒரு குடும்பம் நேரில் நின்று பார்க்கக்கூடிய அளவிலேயே நின்றுகொண்டது இவர்களைப் பற்றி நான் உயர்வாக மதிக்கும் செய்திகளுள் ஒன்று.

இடத்தின் அமைப்பு ஒயினில் நேராகத் தெரியும். மேற்கே கிரான் சாசோ மலைத்தொடர் நிற்கிறது; அதன் உச்சியான கோர்னோ கிராந்தே 2,912 மீட்டர் உயரத்துடன் அப்பினைன் மலைகளிலேயே மிக உயர்ந்தது. கிழக்கே சற்றுத் தொலைவில் ஆட்ரியாடிக் கடல். பகலில் கடற்காற்றும் இரவில் மலையிலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்றும் மாறி மாறி வீசுவதால், களியும் சுண்ணாம்பும் கலந்த இந்தக் குன்றுகளில் திராட்சை மெதுவாகப் பழுக்கிறது. வெயிலில் பழத்தின் இனிப்பு ஏறும்போது புளிப்பு முழுவதும் வடிந்துவிடாமல் இரவுக் குளிர் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. நீண்ட காலம் நிற்க வேண்டிய ஒயினுக்கு முதுகெலும்பு இந்தப் புளிப்புத்தான்.

கொடிகளைப் பந்தலில் படர விட்டிருக்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைக்குப் போடும் பந்தலைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தோட்டம் அன்னியமாகத் தோன்றாது: ஆள் உயரத்துக்கு மேலே கம்பி வலை, அதன் மேல் இலைக் கூரை, அதன் அடியில் நிழலில் தொங்கும் குலைகள். உலகின் பெரும்பாலான ஒயின் தோட்டங்கள் கொடியை வேலிபோல் வரிசையாக நிறுத்திவிட்டன. பந்தல் என்றால் அளவுக்கு மீறிய விளைச்சல், நீர்த்த ஒயின் என்று பல ஆண்டுகள் ஏளனமாகப் பேசப்பட்டது. கடுங்கோடைகள் அடிக்கடி வரத் தொடங்கிய பிறகு அந்தப் பேச்சு குறைந்துவிட்டது. 2003 போன்ற வெப்ப ஆண்டில் நேர்வெயிலில் நின்ற குலைகள் வெந்து சுருங்கியபோது, இலைக் கூரையின் அடியில் தொங்கிய பழங்களுக்குக் காப்பு இருந்தது. பந்தலில் இயந்திரத்தைக் கொண்டு அறுவடை செய்ய முடியாது, ஒவ்வொரு குலையையும் கையை மேலே தூக்கி வெட்ட வேண்டும் என்பதால் வேலை அதிகம். விளைச்சலைக் கட்டுப்படுத்தக் குளிர்காலத்தில் கடுமையாகக் கவாத்துச் செய்ய வேண்டும் என்பதால் திறமையும் வேண்டும். இவ்விரண்டும் உள்ள குடும்பத்துக்குப் பந்தல் பெரும் வரம்.

இனி பயோடைனமிக் வேளாண்மை. 1924ஆம் ஆண்டு, இன்று போலந்து நாட்டில் இருக்கும் கோபர்விட்ஸ் ஊரில், ஆஸ்திரிய மெய்யியலாளர் ருடால்ஃப் ஸ்டைனர் உழவர்கள் முன்னிலையில் ஆற்றிய எட்டு உரைகளிலிருந்து இம்முறை வளர்ந்தது. பண்ணையைத் தன்னிறைவுள்ள ஓர் உயிராகக் கருத வேண்டும், வெளியிலிருந்து உரமும் நஞ்சும் வாங்கக் கூடாது, கால்நடையும் பயிரும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பவை அதன் அடிப்படைகள். இவற்றுடன் சில தனித்த தயாரிப்புகளும் உண்டு. பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்து இலையுதிர்காலத்தில் மண்ணில் புதைத்து, குளிர்காலம் கழிந்து வசந்தத்தில் தோண்டி எடுத்து, ஒரு ஹெக்டேருக்கு ஏறக்குறைய 100 கிராம் என்ற கணக்கில் தண்ணீரில் இட்டு, ஒரு மணி நேரம் வலப்புறமும் இடப்புறமும் மாற்றி மாற்றிச் சுழல விட்டுக் கலக்கி நிலத்தில் தெளிப்பது ஒன்று. பொடித்த குவார்ட்ஸ் படிகக் கல்லை அதேபோல் கொம்பில் புதைத்து எடுத்து, சில கிராம் அளவில் இலைகளின் மேல் தெளிப்பது மற்றொன்று. சாமந்தி வகைப் பூக்கள், காஞ்சொறி, ஓக் மரப்பட்டை முதலியவற்றைக் கம்போஸ்ட்டில் சேர்ப்பதும், நிலவின் இயக்கத்தைப் பார்த்து வேலைகளை வகுப்பதும் இம்முறையைச் சேர்ந்தவை. பெப்பே குடும்பத்தார் தொடக்கத்திலிருந்தே களைக்கொல்லியோ செயற்கை உரமோ பயன்படுத்தாதவர்கள். செப்பும் கந்தகமும் மட்டுமே அவர்கள் தெளித்தவை. 2000களின் நடுப்பகுதியில் பயோடைனமிக் முறைக்கு மாறினார்கள்.

இந்த முறை ஒயினை எவ்வளவு மாற்றுகிறது என்ற கேள்வியை மதிப்புரை எழுதுபவன் தவிர்த்துவிட்டுப் போவது நேர்மையாகாது. கொம்புச் சாணமும் நிலவும் மட்டும் என்ன செய்கின்றன என்பதைப் பிரித்துக் காட்டும் வலுவான சான்று இதுவரை கிடைக்கவில்லை. கலிபோர்னியாவில் யுகாயாவுக்கு அருகே மெர்லோ என்னும் திராட்சை பயிரான ஒரு தோட்டத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை இயற்கை வேளாண்மையிலும் மறு பகுதியை பயோடைனமிக் முறையிலும் நடத்திப் பார்த்த ஆய்வு 2005இல் வெளியானது. முதல் 6 ஆண்டுகளில் இரு பகுதிகளின் மண் வளத்திலும் வேறுபாடு காணப்படவில்லை. அதே வேளையில், சுவிட்சர்லாந்தில் தேர்வில் (Therwil) என்னும் ஊரில் 1978 முதல் நடந்து வரும் நெடுங்கால வயல் ஆய்வு, பயோடைனமிக் உள்ளிட்ட இயற்கை முறைகளில் விளைச்சல் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தாலும் மண்ணின் உயிரினங்கள் வழக்கமான முறையில் இருப்பதைவிடச் செழிப்பாக இருப்பதைத் தெளிவாகக் காட்டியது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்து நான் வந்திருக்கும் முடிவு இதுதான்: நஞ்சு தெளிக்காத மண்ணும், அதில் உயிர்த்திருக்கும் ஈஸ்டுகளும் பூஞ்சைகளும் ஒயினுக்கு உண்மையான ஆதாயம், கொம்பின் பங்கு நம்பிக்கையைச் சார்ந்தது. ஆனால் அந்த நம்பிக்கைக்கு ஒரு நடைமுறைப் பயன் உண்டு என்பதை நான் மறுக்க மாட்டேன். தெளிப்புக்கு உரிய நாளும் வேளையும் பார்க்கிற உழவர் தோட்டத்தில் அடிக்கடி நடக்கிறார். நடக்கிறவர் நோயை முதல் இலையிலேயே கண்டுகொள்கிறார்.

அந்தக் கண்காணிப்பு எவ்வளவு தேவை என்பதை 2023 காட்டியது. அவ்வாண்டின் வசந்தத்தில் விடாது பெய்த மழையால் அடிச்சாம்பல் நோய் அப்ருட்சோ முழுவதையும் தாக்கி, திராட்சை விளைச்சலில் பெரும் பகுதியை அழித்தது. இந்நோய்க்கு எதிராக இயற்கை முறை உழவர்களிடம் இருக்கும் முதன்மையான ஆயுதம் செப்பு. அதையும் ஐரோப்பிய ஒன்றியம் 7 ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என்று வரம்பிட்டிருக்கிறது. செப்பு மண்ணில் தங்கிவிடும் உலோகம் என்பதால் அந்த வரம்பு நியாயமானது. இயற்கை முறை என்றால் மருந்தே தெளிக்காத முறை என்று எண்ணி வாங்குகிறவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

அறுவடைக்குப் பிறகு நடப்பவை எளியவை, ஆனால் உடல் உழைப்பு மிகுந்தவை. திரெப்பியானோ, பெகோரினோ ஆகிய வெள்ளைத் திராட்சைகளை மரத்தொட்டியில் இட்டுக் காலால் மிதித்துச் சாறு எடுக்கிறார்கள். பாதத்தின் அழுத்தத்தில் தோல் உடையும், விதை உடையாது. விதை உடைந்தால் சாற்றில் கசப்பு இறங்கிவிடும் என்பதே இதன் காரணம். மோன்தெபுல்சானோ குலைகளை வலையின் மேல் பரப்பிக் கையால் தேய்க்கிறார்கள். பழம் வலையின் கண் வழியே கீழே விழ, காம்பு மேலே தங்கிவிடுகிறது. இயந்திரத்தில் இவ்வேலை மிக விரைவாக முடியும். ஆனால் உடைந்த காம்புத் துணுக்குகளும் அழுகிய பழங்களும் சேர்ந்து போகும். கையில் அவை நின்றுவிடும். ஒயினைக் கெடாமல் காக்கும் கந்தகத்தை (கந்தக டை ஆக்சைடு) சேர்க்காமல் ஒயின் செய்பவருக்கு அழுகிய பழம் ஒன்று கூடத் தொட்டிக்குள் போகாமல் இருப்பது உயிர்நாடி என்பதால், இந்தக் கைவேலையை மரபுப் பற்றாக மட்டும் பார்ப்பது தவறு.

நொதித்தலுக்கு வெளியிலிருந்து ஈஸ்ட் சேர்ப்பதில்லை; பழத்தோலிலும் நிலவறையிலும் இயல்பாக இருப்பவையே அதைச் செய்கின்றன. உள்ளே கண்ணாடிப் பூச்சுள்ள சிமெண்ட் தொட்டிகளில் ஒயின் நொதித்துத் தங்குகிறது. மரப் பீப்பாய் கிடையாது. பீப்பாயில் வைத்தால் வனிலா போன்ற மரத்தின் மணமும், மரத்துளைகள் வழியே புகும் காற்றும் ஒயினை விரைவில் முதிரச் செய்யும். பெப்பே குடும்பத்தார் ஒயின் பாட்டிலுக்குள்ளேயே முதிர வேண்டும் என்று கருதுகிறவர்கள். வடிகட்டாமல், கந்தகம் சேர்க்காமல் பாட்டிலில் அடைக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சொல்கிறேன்: ஐரோப்பிய விதிகள் வழக்கமான சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரையிலும் வெள்ளையில் 200 மில்லிகிராம் வரையிலும் கந்தக டை ஆக்சைடு இருக்க அனுமதிக்கின்றன, இயற்கை வேளாண்மைச் சான்று பெற்ற உலர் ஒயின்களுக்கே அந்த வரம்பு 100, 150 மில்லிகிராம். நொதித்தலின்போது ஈஸ்ட் தானாகவே சிறிதளவு கந்தகச் சேர்மங்களை உண்டாக்கும் என்பதால், எதுவும் சேர்க்காத ஒயினிலும் அவை முற்றிலும் இல்லாமல் போவதில்லை.

அடுத்து வருவதுதான் இப்பண்ணையை மற்றவற்றிலிருந்து பிரிக்கிறது. அடைத்த பாட்டில்களில் ஒரு பகுதியைச் சில ஆண்டுகளில் விற்றுவிட்டு, மீதியை நிலவறையில் பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் கிடத்தி வைக்கிறார்கள். நாளடைவில் நிறமிகளும் துவர்ப்புப் பொருட்களும் திரண்டு பாட்டிலின் அடியில் வண்டலாகப் படிகின்றன. அந்தப் பழைய பாட்டில் விற்பனைக்குப் போகும் முன்பு, அதைத் திறந்து, வண்டலை அசைக்காமல் தெளிந்த ஒயினை மட்டும் வேறொரு பாட்டிலுக்குக் கையால் சாய்த்து ஊற்றி, புதுத் தக்கை இட்டு அனுப்புகிறார்கள். எமீதியோவின் மனைவி பல ஆண்டுகள் தாமே அமர்ந்து செய்த வேலை இது. ஊற்றுகிறவரின் மூக்கு ஒவ்வொரு பாட்டிலையும் சோதித்துவிடுகிறது என்பது இதன் பெரிய நன்மை. தக்கையால் கெட்டதும், காற்றுப் புகுந்து களைத்ததும் அந்த இடத்திலேயே விலக்கப்படுகின்றன. முப்பது ஆண்டு முதிர்ந்த ஒயினைக் கடையில் வாங்குகிறவர் பொதுவாக ஏற்கும் ஆபத்தில் பெரும் பங்கை விற்பவரே ஏற்றுக்கொள்கிறார் என்று பொருள். உலகில் வேறு யாரேனும் இந்த அளவில் இதைச் செய்வதாக நான் அறியவில்லை.

ஆயினும் கந்தகக் காப்பில்லாத ஒயினில் ஒரு பாட்டிலுக்கும் மறு பாட்டிலுக்கும் வேறுபாடு இருக்கவே செய்யும். வடிகட்டாத சிவப்பு ஒயின்களில் பிரெட்டனோமைசிஸ் என்னும் ஈஸ்ட் வளர்ந்து தோல், குதிரைக் கொட்டில் போன்ற வாடையைத் தரலாம். நொதித்தலின்போது பிறந்த கரியமில வாயு சிறிது தங்கி நாக்கில் குறுகுறுக்கலாம். காடியின் நெடி மெல்லிதாக எழலாம். இயற்கை ஒயின் என்ற பெயரில் விற்கப்படுபவற்றில் பலவும் இத்தகைய குறைகளைத் தனித்தன்மை என்று சொல்லி வாங்குபவரின் தலையில் கட்டுகின்றன என்பது என் உறுதியான கருத்து. ஒயின் எந்த ஊரில் செய்யப்பட்டாலும் எலிக் கூண்டை நினைவூட்டும் எலி வாடை என்ற குறை ஒன்றேபோல்தான் இருக்கும். அதில் மண்ணின் குணம் எங்கே இருக்கிறது? பெப்பே ஒயின்களை நான் வேறு தட்டில் வைப்பதற்குக் காரணம், இவற்றில் கரடுமுரடான ஓரங்கள் இருந்தாலும் அவற்றுக்கு அடியில் பழமும் புளிப்பும் துவர்ப்பும் உறுதியாக நிற்கின்றன, காலம் செல்லச் செல்ல ஓரங்கள் தேய்ந்து அடிப்படை மேலே வருகிறது என்பதுதான். கண்ணாடிபோல் தெளிந்த, ஒவ்வொரு முறையும் ஒரே சுவை தரும் ஒயினை விரும்புகிறவர்களுக்கு இவை ஏற்றவை ஆகா. அதை அவர்களுடைய ரசனைக் குறைவாக நான் கருதவில்லை.

சுவையைப் பொறுத்தவரை, முதலில் திரெப்பியானோவைச் சொல்ல வேண்டும். இத்தாலியில் திரெப்பியானோ என்ற பெயரில் விற்கப்படும் வெள்ளை ஒயின்களில் பெரும்பாலானவை மணமும் குணமும் இல்லாத, தாகத்துக்குக் குடிக்கும் சரக்கு. அப்ருட்சோவிலேயே லொரேத்தோ அப்ருத்தீனோ என்னும் ஊரில் ஒயின் செய்த எதோவார்தோ வாலெந்தீனியும் இங்கே பெப்பே குடும்பத்தாரும்தான் அந்தத் திராட்சையிலிருந்து வேறொன்றை எடுக்கலாம் என்று மெய்ப்பித்தவர்கள். இளம் பாட்டிலைத் திறந்தவுடன் அது வாயைத் திறக்காது. சிறிது கலங்கல், உலர்ந்த வைக்கோலின் மணம், எலுமிச்சைத் தோலின் கசப்பு, அவ்வளவே. ஒரு மணி நேரம் கழித்துப் பாதாமும் மலைத்தேனும் மணக்கத் தொடங்கும், விழுங்கிய பின் நாக்கின் ஓரத்தில் கடலுப்பு நிற்கும். பத்து ஆண்டு கடந்த பாட்டிலில் இந்த உப்பும் தேனும் இணைந்து, இனிப்பு சிறிதும் இல்லாத ஒயினில் இனிமையின் தோற்றத்தைத் தருகின்றன. சிவப்பு ஒயினுக்காகவே இப்பண்ணையைத் தேடி வருகிறவர்கள் பலர். என்னைக் கேட்டால், கையில் ஒரு பாட்டிலுக்கு மட்டும் பணம் இருப்பவர் முதிர்ந்த திரெப்பியானோவையே வாங்க வேண்டும் என்பேன்.

மோன்தெபுல்சானோ திராட்சைக்குத் தோல் தடிப்பு, நிறம் கருமை, துவர்ப்பு மிகுதி. டஸ்கனியில் மோன்தெபுல்சானோ என்ற ஊரில் செய்யப்படும் ஒயினுக்கும் இத்திராட்சைக்கும் தொடர்பில்லை; அது சான்ஜோவேசே என்னும் வேறு திராட்சையில் ஆவது என்பதைக் கடையில் பாட்டிலை எடுக்கும் முன் நினைவில் கொள்ள வேண்டும். பெப்பே சிவப்பு ஒயினை இளமையில் அருந்துவது கடினம். நாவற்பழத்தின் துவர்ப்பும் கரும்செர்ரியின் புளிப்பும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருக்கும், இரும்பின் சுவையும் சற்று எட்டிப் பார்க்கும். 2010ஆம் ஆண்டின் ஒயின் இன்று அந்த மோதல் அடங்கி, பழம் முன்னே வந்து, துவர்ப்பு பட்டுத்துணியின் மென்மையை அடையும் பருவத்தில் இருக்கிறது. 2001 அதற்கும் மேலே: உலர்ந்த அத்தி, புகையிலை, மழை பெய்த மண் என்று மணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படுகின்றன, ஒவ்வொன்றும் தனித்துத் தெரிகிறது. வெப்பம் மிகுந்த 2003 இவற்றை விடக் கனமானது; பழத்தில் வெந்த இனிமை இருக்கிறது, புளிப்பு சற்றுத் தாழ்ந்திருக்கிறது. அதை விரும்புகிறவர்களும் உண்டு, நான் 2010இன் பக்கம்.

செராசுவோலோ அதே மோன்தெபுல்சானோ திராட்சையில் செய்யப்படும் செந்நிற ரோசே, அதாவது இளஞ்சிவப்பு வகை ஒயின். வழக்கமான வெளிர் ரோசேயை எதிர்பார்த்து ஊற்றினால் அதன் நிறமே வியப்பாக இருக்கும். கோடைக்கு ஏற்றது, மீனோடும் இறைச்சியோடும் போகும். பெகோரினோவை இவர்கள் பிற்காலத்தில்தான் நட்டார்கள். புளிப்புக் கூர்மையும் செறிவும் இரண்டும் உள்ள ஒயின் அது. நன்றாக இருக்கிறது, ஆனால் திரெப்பியானோவின் ஆழம் அதில் இன்னும் வரவில்லை.

விலைதான் பலரையும் தடுக்கும். மோன்தெபுல்சானோ தப்ருட்சோ என்று எழுதிய சாதாரண பாட்டில் ஐரோப்பியக் கடைகளில் 10 யூரோவுக்கும் குறைவாகக் கிடைக்கும். பெப்பே குடும்பத்தின் இளம் சிவப்பு ஒயினே அதைப்போல் பல மடங்கு. முதிர்ந்த ஆண்டுகளுக்கு நூற்றுக்கணக்கான யூரோ கொடுக்க வேண்டும். இளம் பாட்டிலுக்கு அந்த விலையைக் கொடுப்பது எனக்கு எளிதாக ஒப்பவில்லை. வாங்கியவுடன் திறந்தால் கொடுத்த பணத்தின் பாதிதான் கிண்ணத்துக்கு வரும், மீதிப் பாதி வெளிவர இன்னும் பத்து ஆண்டு காத்திருக்க வேண்டும். அதற்குக் குளிர்ந்த, இருண்ட, வெப்பம் மாறாத இடம் வேண்டும். அடுக்குமாடி வீட்டில் சமையலறை அலமாரியில் வைப்பதென்றால் வாங்காமல் இருப்பதே நலம், கந்தகம் சேர்க்காத ஒயின் வெப்பத்தில் மிக விரைவில் கெடும். முதிர்ந்த பாட்டிலின் விலை கேட்கும்போது கடுமையாகத் தோன்றினாலும், அதில் இருபது ஆண்டு வாடகையும், வண்டல் நீக்கிய கையின் கூலியும், விலக்கப்பட்ட பாட்டில்களின் நட்டமும் அடங்கியிருக்கின்றன. இதே வயதுள்ள பேர்பெற்ற பிரான்சின் பர்கண்டி அல்லது இத்தாலியின் பரோலோ ஒயின் பாட்டில்களோடு வைத்துப் பார்த்தால் அது மிகையான விலை ஆகாது.

அருந்தும் முறையில் சில கவனங்கள் வேண்டும். இளம் பாட்டிலை ஒரு நாள் முன்னதாகவே நிமிர்த்தி வைத்து, வண்டல் அடியில் படிந்த பிறகு மெதுவாக ஊற்ற வேண்டும். திரெப்பியானோவைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் அதன் மணம் முழுவதும் அடங்கிவிடும். 13 அல்லது 14 பாகை வெப்பம் அதற்குப் பொருந்தும். சிவப்பை அருந்துவதற்குச் சில மணி நேரம் முன்பே திறந்துவிடலாம், மிகப் பழைய ஆண்டாக இருந்தால் திறந்து சிறிது ஊற்றிப் பார்த்து அதன் போக்கிலேயே விடுவது நல்லது. உணவைப் பொறுத்தவரை அப்ருட்சோவின் சமையலே சிறந்த துணை. சிறு ஆட்டிறைச்சித் துண்டுகளைக் குச்சியில் கோத்துக் கனலில் சுடும் அரோஸ்திசீனியின் கொழுப்பு மோன்தெபுல்சானோவின் துவர்ப்பைக் கரைத்துவிடும். தேராமோ வட்டாரத்தில் மெல்லிய அப்பங்களைச் சுருட்டிக் கோழிச்சாற்றில் இட்டு ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி தூவித் தருவார்கள். திரெப்பியானோவோடு அதைச் சாப்பிட்டவர்கள் வேறு துணை தேட மாட்டார்கள். நம் வீட்டு உணவோடு அருந்த விரும்புகிறவர்கள் மிளகாய்க் காரத்தைத் தவிர்க்க வேண்டும், காரம் துவர்ப்பையும் சாராய எரிச்சலையும் கூட்டிவிடும். மிளகும் சீரகமும் இட்டு வறுத்த ஆட்டிறைச்சிக்கு முதிர்ந்த சிவப்பு இணங்கிப் போகும்.

பண்ணையிலேயே விருந்தினர் தங்கவும் உணவருந்தவும் இடம் வைத்திருக்கிறார்கள். அப்ருட்சோ பக்கம் போகும் வாய்ப்பு உள்ளவர்கள் முன்கூட்டி எழுதிக் கேட்டுவிட்டுச் செல்வது நல்லது. அறுவடைக் காலத்தில் குடும்பமே தோட்டத்திலும் தொட்டியிலும் நிற்கும் என்பதால் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அவர்களுக்குத் தொல்லை தராமல் இருப்பது மரியாதை. போக முடியாதவர்கள், இயற்கை ஒயின்களைச் சரியான வெப்பநிலையில் வைத்திருக்கும் கடையைத் தேர்ந்து, பாட்டில் எங்கே எவ்வளவு காலம் கிடந்தது என்று தயங்காமல் கேட்க வேண்டும். பண்ணையிலிருந்து நேராக வந்த முதிர்ந்த பாட்டிலுக்கும், இளமையில் வெளிவந்து பல கைகள் மாறிய அதே ஆண்டின் பாட்டிலுக்கும் விலை ஒன்றாக இருந்தால், முன்னதையே வாங்க வேண்டும். தனியாகத் திறக்காமல், நான்கு பேர் செலவைப் பகிர்ந்துகொண்டு ஒரு முதிர்ந்த திரெப்பியானோவையும் ஒரு 2010 மோன்தெபுல்சானோவையும் ஒரே மாலையில் திறப்பது, இப்பண்ணையை அறிந்துகொள்ள நான் பரிந்துரைக்கும் வழி; செலவும் ஓரளவு தாங்கும், இரண்டு திராட்சைகளும் காலத்தில் எப்படி வெவ்வேறாக வளர்கின்றன என்பதும் தெரிந்துவிடும்.